யாருடைய துறவு? மிஷனெரிக் குடும்பமும் அழைப்பு என்னும் கருத்தும்

கிறித்தவச் சமயத்தில் ‘அழைப்பு’ என்னும் சொல், இறைவன் ஒருவரைத் தனிப்பட்ட முறையில் தெரிந்தெடுத்து ஒரு பணிக்கு அனுப்புகிறார் என்னும் நம்பிக்கையைக் குறிக்கும். ஊர், உற்றார், தந்தையின் வீடு ஆகியவற்றை விட்டுப் புறப்படுமாறு ஆபிரகாமுக்கு வந்த கட்டளையே இதன் முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கத்தோலிக்க மரபில் இந்த அழைப்பை ஏற்றுக் கடல்கடந்தவர்கள் பெரும்பாலும் மணமாகாத துறவியர். பிரான்சிஸ் சவேரியாரும் வீரமாமுனிவரும் மனைவி மக்கள் இன்றியே தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தம் குருமார் மணம் புரிவதை ஏற்றுக்கொண்ட பின்னர், சீர்திருத்தத் திருச்சபைகள் அனுப்பிய மிஷனெரிகள் குடும்பத்தோடு கப்பலேறினர். இல்லறத்தான் ஒருவன் இல்லறத்தை விடாமலே துறவியின் பயணத்தை மேற்கொள்ளும் புதிய நிலை இவ்வாறு தோன்றியது.

இந்நிலை ஒரு மெய்யியல் வினாவை எழுப்புகிறது. துறவு என்பது ஒருவர் தமக்கு உரியதைத் தாமே விடுவதாகும். கணவன் பெற்ற அழைப்பின் பொருட்டு மனைவியின் உடல்நலமும், பிள்ளைகளின் பாதுகாப்பும், சில வேளைகளில் அவர்களது உயிரும் விடப்படுமானால், அங்கே துறந்தவர் யார்? மிஷனெரி வரலாறுகள் அயல்நாட்டு வாழ்வின் கடுமையை விரிவாகச் சொல்லும் அளவுக்கு இவ்வினாவைப் பேசுவதில்லை. ஆயினும் அவ்வரலாறுகளின் பக்கங்களிலேயே இதற்கான சான்றுகள் கிடக்கின்றன.

இங்கிலாந்தில் செருப்புத் தைத்தும் பிரசங்கம் செய்தும் வாழ்ந்த வில்லியம் கேரி, 1792-இல் பாப்திஸ்து மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். அவர் மனைவி டாரதி, தம் திருமணப் பதிவேட்டில் கையொப்பமிடும் அளவுக்குக்கூட எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாதவர். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த நிலையில் வங்காளத்துக்கு வர மறுத்தார். மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி புறப்படத் துணிந்தார். பயணம் தடைப்பட்டுத் தாமதமானதால் மீண்டும் வற்புறுத்தல் நிகழ, தங்கை கேதரினும் உடன்வர வேண்டும் என்னும் நிபந்தனையோடு, கைக்குழந்தையை ஏந்தியபடி டாரதி 1793 ஜூனில் கப்பலேறினார். கல்கத்தா, சுந்தரவனக் காடு, முத்னாபாட்டி அவுரித் தொழிற்சாலை என ஓராண்டுக்குள் குடும்பம் பலமுறை இடம்பெயர்ந்தது. சீதபேதி டாரதியை வாட்டியது. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் டாரதியின் மனம் கலங்கியது. 1807-இல் சாகும்வரை அது தெளியவில்லை. அந்த ஆண்டுகளில்தான் கேரி வங்காளப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி, இந்திய மொழிகள் பலவற்றில் விவிலிய மொழிபெயர்ப்பைத் தொடங்கி நடத்தினார். ஒரே கூரையின்கீழ் நடந்த இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. என்றாலும், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

டாரதிக்கு அயல்நாடு ஒவ்வாமற்போனதே இத்துயருக்குக் காரணம் என்று ஒருவர் வாதிடலாம். ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் மனைவி மேரியின் வாழ்க்கை அவ்வாதத்தை ஏற்பதில்லை. மிஷனெரி ராபர்ட் மோபட்டின் மகளாக 1821-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மேரிக்குச் செச்சுவானா மொழியும் அந்நாட்டு வாழ்வும் இளமையிலேயே கைவந்தவை. கொலோபெங் என்னும் ஊரில், கறையான் புற்றைக் குடைந்து செய்த அடுப்பில் ரொட்டி சுடுவதும், செடியின் சாம்பலைக் கொண்டு சவர்க்காரம் காய்ச்சுவதும், சிறுவர்க்குப் பள்ளி நடத்துவதும் அவர் அன்றாடம் செய்த வேலைகள். கரடுமுரடான வாழ்க்கை அவரை முறிக்கவில்லை. முறித்தது ஓரிடத்திலும் நிலைக்கவிடாத அலைச்சல். 1850-இல் கருவுற்றிருந்த மேரியையும் மூன்று சிறு பிள்ளைகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு லிவிங்ஸ்டன் நிகாமி ஏரிப் பயணம் சென்றார். பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்தனர். திரும்பியபின் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களே உயிர்வாழ்ந்தது. மேரியின் தாய் மனம் பொறாமல் மருமகனைக் கடிந்து கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே, மீண்டும் கருவுற்ற மகளும் பேரப்பிள்ளைகளும் வறண்ட நிலத்தில் தண்ணீரின்றித் தவிக்கும்படி நேர்ந்தது. அப்பயணத்தின்போதே ஆற்றங்கரையில் ஒரு மகன் பிறந்தான்.

1852-இல் கண்டத்தைக் குறுக்கே கடக்க முடிவுசெய்த லிவிங்ஸ்டன், குடும்பத்தைக் கேப் டவுனிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பினார். ‘தாயகம் திரும்புதல்’ என்னும் தொடர் இங்கே பொருள் இழக்கிறது. முன்பு பெற்றோருடன் சில ஆண்டுகள் மட்டும் தங்கியிருந்த பிரிட்டன், ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த மேரிக்கு அயல்நாடே. கணவனின் பெற்றோரோடு இணக்கம் குலைந்து, வாடகை அறைகள் மாறி, செலவுக்கு லண்டன் மிஷனெரி சங்கத்தின் கையை எதிர்நோக்கி அவர் நான்கு ஆண்டுகளைக் கழித்தார். 1858-இல் கணவனோடு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டும், கருவுற்றதால் கேப் டவுனில் பிரிய நேர்ந்தது; பின்னர் மீண்டும் பிரிட்டன் சென்று, 1862 தொடக்கத்தில் சாம்பசி ஆற்றுப் பகுதியை அடைந்த அவர், சில மாதங்களுக்குள் ஷுபாங்காவில் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 41.

மிஷனெரிக் குடும்பங்கள் ஊழிய இடத்திலிருந்து விடுப்பில் சென்று மீள்வதை ஒரு பழக்கமாறுதல் என்றே சங்கங்கள் நெடுங்காலம் கருதின: தட்பவெப்பம், உணவு, மொழி ஆகியவற்றுக்கு உடலும் நாவும் மறுபடி பழகிக்கொண்டால் போதும் என்பது எண்ணம். உண்மையில் மறுபடி பழக வேண்டியது ‘வீடு’ என்னும் கருத்துக்கே. 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் பண்பாட்டிலும் வளர்ந்த நாட்டின் பண்பாட்டிலும் முழுமையாக ஒட்டாமல், இரண்டுக்கும் இடையே தமக்கென ஓர் உலகை அமைத்துக்கொள்ளும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று குறித்தார். மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் கொடைக்கானலில் தொடங்கப்பட்ட விடுதிப்பள்ளி போன்றவை இந்நிலைக்கு ஒரு விடையாக எழுந்தவை. காய்ச்சலிலிருந்து பிள்ளைகளைக் காத்த அதே விடை, ஆண்டின் பெரும்பகுதி பெற்றோரிடமிருந்து அவர்களைப் பிரித்தும் வைத்தது.

இறையியல் நோக்கில் இதற்கு இரு பக்கங்கள் உண்டு. தாய் தந்தை மனைவி மக்களைக் காட்டிலும் தம்மை மேலாகக் கருதாதவன் தமக்குச் சீடனாக முடியாது என்னும் கருத்தில் இயேசு போதித்தார்; தன் வீட்டாரைப் பேணாதவன் விசுவாசத்தையே மறுதலித்தவன் என்னும் கருத்தைத் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் வலியுறுத்துகிறது. மிஷனெரி இலக்கியம் முன்னதைப் பெரிதும் எடுத்தாண்டது. ஆனால் சீர்திருத்த மரபின் மூலவரான மார்ட்டின் லூதர், அழைப்பு என்பது மடத்துக்கும் பீடத்துக்கும் மட்டும் உரியதன்று என்றும், குழந்தையின் துணியைத் துவைக்கும் தந்தையும் இறைப்பணியே செய்கிறான் என்றும் கற்பித்தவர். அவ்வாறாயின், குடும்பத்தை அழைப்புக்கு எதிரே நிறுத்தி ஒன்றைத் தெரிந்தெடுப்பது அம்மரபுக்கே முரணாகும்; குடும்பமும் அழைப்பே. வள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலையும் துறவறவியலையும் தனித்தனியே வகுத்திருப்பதை அறிந்த தமிழ் வாசகர்க்கு, இரண்டு அறங்களின் கடமைகளை ஒருவர் ஒருசேர ஏற்கும்போது ஒன்றின் கடனை மற்றதன் கணக்கில் கழிக்க முடியாது என்பது எளிதில் விளங்கும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. பின்னர் பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்கரான அடோனிராம் ஜட்சன், ஆன் ஹாசல்டைனை மணக்க விரும்பியபோது, கடற்பயணத்தின் இடரையும் தட்பவெப்பத்தின் கொடுமையையும் அயல்மண்ணில் இறக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் ஆனின் தந்தைக்கு எழுதிக் கேட்டார். தந்தை முடிவை மகளிடமே விட்டார். ஆன் இசைந்து 1812-இல் கப்பலேறினார். கணவன் சிறைப்பட்டதும், தாம் நோயுற்று 1826-இல் 36-ஆம் வயதில் இறந்ததும் டாரதியின் துயருக்குக் குறைந்தவையல்ல. எனினும் அத்துயர் அவர் அறிந்து ஏற்றது. ஆகவே அதனைத் துறவு என்று அழைக்கத் தகும். பிள்ளைகளின் நிலையோ எப்போதும் வேறு. எந்தச் சிறுவனும் இசைவு தர வல்லவன் அல்லன் என்பதால், அவனுக்கு நேர்வதை அவனது தியாகம் என்று எவரும் பெயரிட இயலாது.

எனவே, மிஷனெரிக் குடும்பம் எவ்வளவு துன்பம் தாங்கியது என்பதைக் கொண்டு அதன் பக்தியை அளப்பது பிழையான அளவை. இசைவு கேட்கப்பட்டதா, மறுப்புக்கு மதிப்பு இருந்ததா, திரும்பிவரும் வழி திறந்திருந்ததா என்னும் மூன்றுமே சரியான அளவைகள். கொலோபெங்கில் நாள்முழுதும் உழைத்துக் களைத்த மாலைகளில் தம் பிள்ளைகளோடு விளையாடத் தெம்பு இல்லாமற்போனதை லிவிங்ஸ்டனே பிற்காலத்தில் வருந்தி எழுதினார். அவருடைய மூத்த மகன் ராபர்ட் அமெரிக்கா சென்று, வேறொரு பெயரில் உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் சேர்ந்து, 1864-இல் தென்பகுதியாரின் சிறைமுகாமில் 18-ஆம் வயதில் இறந்தான்.