போட்ட காசை எடுப்பது

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ அருகே 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அங்கே போக நினைக்கும் குடும்பம், பூங்காவின் விடுதியில் அறை பதிவு செய்யும்போதே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது: சாப்பாட்டுக்கும் சேர்த்து இப்போதே பணம் கட்டிவிடலாமா, அல்லது அங்கே போய் அவ்வப்போது வாங்கிக்கொள்ளலாமா? 2005-ல் தொடங்கி, கோவிட் காலத்தில் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் மறுபடி வந்த 'டைனிங் பிளான்' என்ற முன்பண உணவுத் திட்டம் எழுப்பும் கேள்வி இது. திரும்பி வந்தபோது இரண்டு வகைகள் இருந்தன. அந்த ஆண்டில், கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் வகைக்கு ஓர் இரவுக்குப் பெரியவருக்கு 57.01 டாலர், மூன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு 23.83 டாலர். நாளுக்கு ஒரு வேளை மேசையில் அமர்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிடும் வகைக்கு 94.28 டாலர், குழந்தைக்கு 29.69. பத்து வயது நிறைந்தால் பெரியவர் கணக்கு. ஓர் அறைப் பதிவில் உள்ள மூன்று வயது நிறைந்த எல்லோரும் ஒரே திட்டத்தில், தங்கும் இரவுகள் அனைத்துக்கும் சேர வேண்டும். இந்தக் கேள்வியை விரிதாளில் கூட்டிக் கழித்துத் தீர்த்துவிடலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கூட்டலுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இதற்குள் இருக்கிறது: ஒரு சாப்பாட்டின் மதிப்பை எதை வைத்து அளப்பது? தத்துவம் வெகுகாலமாகக் கேட்டுவரும் கேள்வி அது.

வழக்கமான கணக்கு இப்படிப் போகும். இரண்டு பெரியவர்கள், பத்து வயதுக்கு உட்பட்ட இரண்டு குழந்தைகள், ஐந்து இரவுகள். 2024 விலையில் இரண்டாவது வகையை எடுத்தால் மொத்தம் 1,239.70 டாலர். பதிலுக்குக் கிடைப்பவை இருபது மேசை உணவுகள், இருபது கவுன்ட்டர் உணவுகள், இருபது தின்பண்டங்கள், ஆளுக்கொரு குடிபானக் குவளை. இவை ஒவ்வொன்றுக்கும் மெனுவில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை கட்டிய பணத்தைத் தாண்டினால் லாபம், தாண்டாவிட்டால் நஷ்டம். இந்தக் கணக்கில் கூட்டல் பிழை இல்லை. பிழை இருப்பது அளவுகோலில். அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் காலணியை எடுத்துக்காட்டாக வைத்து ஒன்றை விளக்குகிறார். எந்தப் பொருளுக்கும் இரண்டு பயன்கள் உண்டு; ஒன்று அதை அணிவது, மற்றொன்று அதைக் கொடுத்து வேறொன்றைப் பெறுவது. மெனுவில் அச்சிட்ட விலை இரண்டாவது பயனின் அளவு. அந்த உணவு நம் பசிக்கும் நாக்குக்கும் என்ன செய்தது என்பதை அது சொல்லாது. நாம் ஒருபோதும் வாங்கியிருக்கமாட்டாத அறுபது டாலர் தட்டு, நமக்கு அறுபது டாலர் பெறுமானம் உள்ளது அல்ல. திட்டம் இல்லாதிருந்தால் அந்த வேளையில் நாம் எதைத் தேர்ந்திருப்போம், அதற்கு எவ்வளவு கொடுத்திருப்போம் என்பதே நமக்கான அளவு. திட்டம் லாபமா என்ற கேள்வி, நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த வேறுபாடு வெறும் கருத்தளவில் நிற்பதில்லை, பையிலிருந்து போகும் பணத்திலும் தெரியும். ஒருவர் கவுன்ட்டரில் இருபது டாலருக்குச் சாப்பிட்டு, ஏழு டாலருக்கு ஒரு தின்பண்டம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குவளையின் விலையை விட்டுவிட்டால், 94.28-ல் மிச்சம் 67.28 டாலரை ஒரே ஒரு மேசை உணவு ஈடுகட்ட வேண்டும். அந்த உணவில் அடங்குபவை ஒரு முக்கியப் பதார்த்தம், ஓர் இனிப்பு, ஒரு பானம். இருபத்தொரு வயது ஆனவர்களுக்கு அந்தப் பானம் ஒயினாகவோ காக்டெயிலாகவோ இருக்கலாம். ஸ்டீக் கேட்டாலும் காய்கறி பாஸ்தா கேட்டாலும் கழிவது அதே ஒரு கிரெடிட்தான்; திட்டத்தில் ஓர் உணவுக்கோ தின்பண்டத்துக்கோ உள்ள உரிமைக்கு அதுதான் பெயர். ஆகவே இறைச்சி, மது, இனிப்பு ஆகிய மூன்றையும் விரும்பி எடுப்பவருக்கு மட்டுமே இந்த விலை எளிதில் ஈடாகும். சைவம் உண்பவரும், மது தொடாதவரும், இரவில் இனிப்பு வேண்டாம் என்பவரும் தம் தட்டில் வராதவற்றுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். இங்கிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அங்கே போகிற நம் குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் குறைவல்ல. கலிஃபோர்னியா கிரில் போன்ற உயர்தர உணவகங்களில் ஒரு வேளைக்கு இரண்டு மேசைக் கிரெடிட்டுகள் கழியும். டிப்ஸ் பொதுவாகத் திட்டத்தில் சேராது. அமெரிக்காவில் அது பில்லில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகும். இதில் எந்த வஞ்சகமும் இல்லை. விதிகள் எல்லாம் எழுதியே கொடுக்கப்படுகின்றன. விற்பவர் தம் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். வாங்குபவர் தம் கணக்கை எங்கிருந்து தொடங்குகிறார் என்பதுதான் கேள்வி.

அந்தத் தொடக்கம் தவறினால் கெடுவது பணம் மட்டும் அல்ல. முன்பணம் கட்டியவரின் விருப்பத்தையே அந்தப் பணம் திருத்தி எழுதிவிடுகிறது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் பிளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடி விலைக்கும் குலுக்கல் முறையில் சீட்டு கொடுத்தார்கள். பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தவர்கள் முழு விலை கொடுத்தவர்களே. நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்துவிட்ட பணம் மட்டும் வேறு. திரும்பி வராத பணம், இனி எடுக்க வேண்டிய முடிவில் கை வைக்கிறது. டைனிங் பிளானில் இதற்குக் கெடுவும் சேர்ந்துவிடுகிறது. பயன்படுத்தாத கிரெடிட்டுகள் அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு முடிந்துவிடும், பணம் திரும்பாது. கடைசி நாளில் பசி இருக்கிறதோ இல்லையோ, மிஞ்சிய கிரெடிட்டுக்காகக் கேக்கும் பாப்கார்னும் வாங்கிப் பையில் திணிக்கத் தோன்றுவது இதனால்தான். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமான 'மருந்து', உணவைப் பற்றித் தரும் அறிவுரையின் சாரம் எளியது: முன்பு உண்டது செரித்ததா என்று பார், பசித்த பின் அளவோடு உண். உண்பதற்கான நேரத்தையும் அளவையும் வயிறு சொல்ல வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. அந்த இடத்தைக் காலாவதி நேரத்துக்குக் கொடுத்துவிட்டால், நாம் நம் பசிக்குச் சாப்பிடவில்லை, கட்டிய பணத்தின் பசிக்குச் சாப்பிடுகிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பணத்தை முன்பே கட்டிவிட்டால் மனம் இலேசாகிறது என்பார்கள். ஒவ்வொரு வேளையும் மெனுவின் வலது ஓரத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிற விடுமுறை என்ன விடுமுறை? குழந்தை ஐஸ்கிரீம் கேட்கும்போது தகப்பன் மனத்துக்குள் டாலரை ரூபாயாக மாற்றிக்கொண்டிருந்தால், அந்த முகச்சுருக்கத்தைக் குழந்தையும் பார்க்கும். டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் எழுதிய கட்டுரை இந்த உணர்வுக்கு ஆதாரம் தருகிறது. துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தவணையில் பணம் கட்ட விரும்புகிறவர்களே, விடுமுறைப் பயணத்துக்கு முன்கூட்டியே கட்டிவிட விரும்புகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். கடன் பாக்கி இல்லாத இன்பம் தனி இன்பம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். மன அமைதி ஒரு நன்மை. அதற்குக் காசு கொடுப்பது முட்டாள்தனம் ஆகாது. எந்த மெனுவிலும் விலை போடாத அந்த நன்மையையும் சேர்த்துத்தான் திட்டத்தை எடைபோட வேண்டும்.

ஆனால் அந்த அமைதியை இந்தத் திட்டம் தருகிறதா என்று பார்த்தால், பாதிதான் தருகிறது. டாலர் கணக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கிரெடிட் கணக்கை வைக்கிறது. மேசைக் கிரெடிட் எத்தனை மிச்சம், சின்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகத்துக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தால் மற்ற நாளுக்கு என்ன செய்வது, தின்பண்டக் கிரெடிட்டை விலை குறைந்த பழத்துக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்விகள் எல்லாம் வேளைக்கு வேளை வந்து நிற்கின்றன. விலையைப் பார்த்து மலிவானதை எடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது விலையைப் பார்த்து உயர்ந்ததை எடுக்கிறார். மெனுவின் வலது ஓரத்தை விட்டு அவர் கண் விலகவில்லை. அமைதிதான் நோக்கம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. உணவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பயணத்துக்கு முன்பே ஒதுக்கி, டிஸ்னியின் கிஃப்ட் கார்டாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டிய வலி ஊரிலேயே முடிந்துவிடும், செலவுக்கு எல்லை இருக்கும், மிஞ்சியது நள்ளிரவில் மறைந்துவிடாது.

இன்னும் ஆழமான மறுப்பு இரண்டாவதாக வருகிறது. 'உனக்கு உண்மையில் என்ன வேண்டும்' என்று கேட்கச் சொல்கிறீர்களே, மனிதனின் விருப்பம் என்ன கல்லில் வெட்டியதா? வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாகவே இருந்து பழகிய ஒருவரிடம் கேட்டால், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்பார். அது அவர் விருப்பமா, பழகிப்போன அச்சமா? அவருக்குள் புதைந்து கிடக்கும் ஆசையை வெளியே கொண்டுவர, முன்பே கட்டிய பணம்தான் உதவும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. நாளைய தன்னை இன்றே ஒரு முடிவால் கட்டிப்போடுவது மனிதன் அறிந்த பழைய உத்தி. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் கோசல நாட்டு மன்னன் பசேனதியின் கதை வருகிறது. மரக்கால் கணக்கில் சோறு உண்டு மூச்சு வாங்க வந்த மன்னனைப் பார்த்து, அளவறிந்து உண்பதன் நன்மையைப் புத்தர் ஒரு செய்யுளாகச் சொன்னார். மன்னன் அருகில் இருந்த இளைஞனை அதை மனப்பாடம் செய்யச் சொல்லி, உணவு வேளைதோறும் ஓத நாள்தோறும் நூறு கஹாபணம் தருவதாக ஏற்பாடு செய்தான். மன்னனின் உணவு படிப்படியாகக் குறைந்து, உடல் இலேசாகியது. அவன் செய்ததும் உணவு வேளைக்காக முன்கூட்டியே பணம் ஒதுக்கியதுதான். ஆனால் எது தனக்கு நல்லது என்று முதலில் தெளிந்து, அதன் பக்கம் தன்னைக் கட்டிக்கொள்ள அவன் பணத்தைப் பயன்படுத்தினான். முன்கட்டுப்பாடு தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. எதை நோக்கிக் கட்டுகிறது என்பதே அதன் தகுதி. தன் அச்சத்தை உணர்ந்து, 'இந்த ஐந்து நாள் என் பிள்ளைகளோடு மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடப்போகிறேன்' என்று தெளிந்து முடிவெடுக்கும் சிக்கனக்காரருக்கு இந்தத் திட்டம் நன்மையே செய்யும். அப்படி எந்தத் தெளிவும் இல்லாமல், விலைப்பட்டியல் காட்டும் லாபத்துக்காகச் சேருகிறவருக்கு, என்ன வேண்டும் என்று முடிவெடுப்பது திட்டமாக இருக்கும், அவராக இருக்காது.

விடுமுறைக்குப் போகிற இடத்தில் அளவு, அடக்கம் என்று பேசுவது விருந்தையே பழிப்பதாகும் என்றும் சிலர் சொல்லலாம். நோன்பைப் போற்றும் சமயங்கள் பலவும் விருந்தையும் போற்றியிருக்கின்றன. நோன்பு பலவேளை முடிவது விருந்தில்தான். ஆகவே நிறையச் சாப்பிடுவது இங்கே குற்றம் அல்ல, விலை உயர்ந்ததைச் சாப்பிடுவதும் குற்றம் அல்ல. கணக்குக்காகச் சாப்பிடுவதுதான் விருந்தைக் கெடுக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர், எழுதிய தொகைக்கு இலையில் இன்னும் என்ன வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தால், அவர் வயிறு நிறையலாம், விருந்து உண்டவர் ஆகமாட்டார். போட்ட காசை எடுக்க வேண்டும் என்ற நினைப்பு வந்த இடத்தில் விருந்தினர் எழுந்து போய்விடுகிறார், கணக்குப்பிள்ளை வந்து உட்காருகிறார்.

ஆகவே என் முடிவு இது. டைனிங் பிளான் எல்லோருக்கும் லாபமும் அல்ல, எல்லோருக்கும் ஏமாற்றமும் அல்ல. மிக்கி மவுஸ் மேசைக்கே வரும் ஷெஃப் மிக்கிஸ் பஃபே போன்ற இடங்களில் நாள்தோறும் ஒரு வேளை உட்காருவது என்று ஏற்கெனவே ஆசைப்பட்டு, இறைச்சியும் இனிப்பும் பானமும் விரும்பி உண்கிற குடும்பம் அதை வாங்கலாம். அளவாக உண்கிறவர்களும், சைவ உணவுக்காரர்களும், மது அருந்தாதவர்களும், நாளெல்லாம் பூங்காவில் சுற்றி நின்றபடியே எதையாவது தின்றுவிட்டுப் போகிறவர்களும் வாங்காமல் இருப்பதே நல்லது. இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று அறிய, திட்டத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து, எந்த நாள் எங்கே எதைச் சாப்பிட ஆசை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மெனுக்களைப் பார்த்து அந்த ஆசைகளுக்கு மட்டும் விலை போடுங்கள். மனநிம்மதிக்கு எவ்வளவு கொடுக்கச் சம்மதம் என்பதையும் அதோடு சேருங்கள். அந்தத் தொகை திட்டத்தின் விலையைத் தாண்டினால் வாங்குங்கள், தாண்டாவிட்டால் விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். பசித்தால் உண்ணுங்கள், பசிக்காவிட்டால் கிரெடிட் வீணாகட்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டது. அதன் பின்னாலேயே வயிற்றையும் அனுப்ப வேண்டியதில்லை.