செத்தார்கள், செத்துக்கொண்டிருந்தார்கள்

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் சுலபமான ஒரு விதியைத் தருகின்றன. கடந்த காலத்தின் இரு செயல்களைச் சேர்த்துச் சொல்லும்போது, நீண்டு நடந்ததைத் தொடர்வினையிலும், அதன் நடுவே நிகழ்ந்து முடிந்ததைச் சாதாரண இறந்தகாலத்திலும் சொல்லவேண்டும். காரியாபட்டியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருகிற எனக்கு, கால அளவைப் பற்றிய விதியாக இது படவில்லை. தொடர்வினையில் சொல்லப்பட்டது பின்புலமாகிவிடுகிறது, மற்றது சம்பவமாகிறது. ஆக, இது மதிப்பீடு பற்றிய விஷயம்.

1877 ஜனவரி 1ஆம் தேதி, டெல்லி தர்பாரில் லிட்டன் பிரபு விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார். சென்னை மாகாணத்தில் அப்போது தாது வருஷப் பஞ்சம். விதிப்படி எழுதினால்: 'ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது தர்பார் நடந்தது.' இலக்கணம் சரி. பஞ்சம் 1876லிருந்து 1878 வரை நீண்டது. தர்பாரோ சில நாட்கள். ஆனால் இந்த வாக்கியத்தில் சம்பவம் தர்பார்தான். சாவு அதன் பின்னால் தொங்கும் படுதா. மாற்றிச் சொல்லலாம்: 'தர்பார் நடந்துகொண்டிருந்தபோது ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள்.' தகவல் ஒன்றே, நியாயம் வேறு.

அப்படியானால் சாதாரண இறந்தகாலமே நேர்மையானது என்று தீர்த்துவிடலாமா? முடியாது. 'செத்தார்கள்' என்பதில் கணக்கை முடித்துவிட்ட தொனி இருக்கிறது. தவிர, வானம் பார்த்த பூமியில் மழை பெய்ததற்குத் தேதி உண்டு, பெய்யாததற்கு இல்லை. 'காஞ்சுக்கிட்டே கெடந்துச்சு' என்று இந்தப் பக்கத்துச் சம்சாரி சொல்வதில்தான் வறட்சியின் உண்மை இருக்கிறது. வறட்சியை ஒருநாள் சம்பவமாக்கினால் பொய்யாகிவிடும்.

எனவே வினைவடிவத்தைவிடச் சொல்கிறவனின் நிலைதான் பிரச்னை. அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாபிஸிக்ஸ்' நூலில் ஒரு பேதம் செய்கிறார். வீடு கட்டிக்கொண்டிருப்பவன் இன்னும் வீட்டைக் கட்டிவிடவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவனோ அந்தக் கணமே பார்த்தும்விட்டான். பார்வைக்கு, முடிவில் வந்து சேர வேண்டிய பாக்கி ஏதுமில்லை.

'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்பது சாட்சிகளுக்கு மிகவும் சௌகரியமான வினை. எதுவும் இன்னும் முடியவில்லை, தானும் எதையும் தீர்மானிக்கவில்லை, வெறுமே நின்றதுதான் என்ற பாவனை அதில் இருக்கிறது. எழுத்தாளனுக்கும் இது பிடித்த வினைதான். அரிஸ்டாட்டிலின் பேதத்தை ஏற்றால் இந்தப் பாவனை நிற்காது. பார்த்துக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டவன்.

பிறர் பட்ட துன்பத்துக்குத் தொடர்வினை தேவைப்படலாம்; அது நீண்டது, நீள்கிறது. அதன் எதிரே நின்ற தன் பங்கைச் சொல்ல ஒருவனுக்குச் சாதாரண இறந்தகாலம் மட்டுமே உண்டு: பார்த்தேன். பிறகு, சொன்னேன் அல்லது சொல்லவில்லை.