தந்தையின் பொறியும் தந்தையின் சொல்லும்

தந்தை விட்டுச் சென்ற கருவியை மகன் எடுத்து ஆளலாம்; அதில் எவருக்கும் ஐயமில்லை. அக்கருவியோடு சேர்ந்து வந்த தந்தையின் சொல்லையும் அவ்வாறே எடுத்து ஆளலாமா? நெடுநாளாக என் உள்ளத்தில் கிடந்த இவ்வினா, நம் வாழ்வோடு சற்றும் தொடர்பில்லாத ஒரு தொழிலைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது புதிய வடிவில் என்முன் வந்து நின்றது.

அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோரும், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரும், சுட்டபின் எஞ்சும் பித்தளை உறையை எறிந்துவிடாமல், அதனுள் மீண்டும் மருந்திட்டுத் தோட்டாவாக்கிக் கொள்வதுண்டு. தம் சொந்தப் பயனுக்காக இதனைச் செய்வோரை அந்நாட்டின் நடுவண் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பதற்காகச் செய்வோரையே கேட்கிறது. நம் நாடுகளின் நிலை வேறு. உரிமமின்றி ஒரு தோட்டாவை வைத்திருத்தலும் இங்கே குற்றம். துப்பாக்கிக் குற்றங்களுக்கான கடுந்தண்டனைச் சட்டங்கள் மலேசியாவில் 1971 இலும் சிங்கப்பூரில் 1973 இலும் இயற்றப்பெற்றன. ஆகவே இதனைப் படிக்கும் மாணவர் அப்பொறியைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. சிறிது விளக்கியாக வேண்டும்.

கனத்த வார்ப்பிரும்புச் சட்டம். அதன் நடுவே ஏறி இறங்கும் உருளைத் தண்டு. அதனை இயக்க நீண்ட கைப்பிடி. இவ்வளவே பொறி. சட்டத்தின் மேற்புறத்தில் ‘டை’ எனப்படும் எஃகு அச்சினைத் திருகி மாட்டுவர். கைப்பிடியை அழுத்தினால் தண்டு மேலேறி, சுட்டபோது விரிந்துபோன உறையை அச்சினுள் செலுத்தும். உறை பழைய அளவுக்குச் சுருங்கும். அதன் அடியிலிருந்த எரிந்த பிரைமர் வெளியே தள்ளப்படும். பின்னர்ப் புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை நிறுத்து இட்டு, குண்டினை வாயில் அமர்த்துவர். மருந்தை நிறுக்கும் அளவுக்குக் ‘கிரெயின்’ என்று பெயர். ஒரு பவுண்டில் 7000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அச்சொல்லின் பொருள் தானியமணி என்பதே. நம் பொற்கொல்லர் குன்றிமணியால் பொன்னை நிறுத்தது நினைவுக்கு வருகிறது. விதைகளைக் கொண்டு நிறுக்கும் அறிவு எல்லா மக்களிடமும் இருந்திருக்கிறது போலும்!

இனி, தந்தையை இழந்த ஒரு மகனை எண்ணிக்கொள்வோம். கொட்டகையின் மேசைமேல் பொறி இருக்கிறது. அலமாரியில் மருந்துக் குப்பிகள் சில. அவற்றுள் ஒன்றில் ஒட்டிய தாள் உதிர்ந்துவிட்டது. ஒரு பெட்டி நிறையத் தந்தை தம் கையால் செய்து வைத்த தோட்டாக்கள். அருகே, எந்த உறைக்கு எவ்வளவு மருந்து என்று அவர் எழுதி வைத்த குறிப்பேடு.

அத்தொழிலில் தேர்ந்தோர் அம்மகனுக்குக் கூறும் அறிவுரை, முதலில் கேட்கும்போது இரக்கமற்றதாகத் தோன்றும். பொறியை வைத்துக்கொள் என்கின்றனர். துருவைப் போக்கி, காய்ந்த மசகை வழித்து, அசையாத மேசையில் ஆணியிட்டு முடுக்கி, தண்டில் ஆட்டம் உள்ளதா என்று பார்த்தால் போதும். வார்ப்பிரும்பு எளிதில் பொய் சொல்லாது. தராசையோ, எடை தெரிந்த கற்களை இட்டுச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும். பெயர்த்தாள் இல்லாத மருந்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. தாள் உள்ள குப்பியாயினும், ஒருமுறை திறந்ததாயின், உள்ளிருப்பது தாளில் உள்ளதுதான் என்பதற்குச் சான்று யாது? மருந்துக்கும் முதுமை உண்டு. சிதையத் தொடங்கிய மருந்திலிருந்து புளித்த காடியின் நெடியும் செம்பழுப்புப் புகையும் எழும். தந்தை செய்த தோட்டாக்களைச் சுடவே கூடாது. குறிப்பேட்டை இன்று அச்சிட்டு வெளிவரும் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்ட பின்னரும் குறைந்த அளவிலிருந்தே தொடங்க வேண்டும்.

தந்தையின் கையெழுத்தை ஐயுறுவது நன்றி மறத்தல் ஆகாதா? அவர் அக்குறிப்பேட்டை யாருக்காக எழுதினார்?

உண்மையில் அவர் தமக்காகவே எழுதினார். அவர் கண்ட அளவு அவருடைய துப்பாக்கிக்கு ஏற்ற அளவு. ஒரே தொழிற்சாலையில் ஒரே வகையாகச் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளும் ஒரே தோட்டாவை ஒருபடித்தாக ஏற்பதில்லை. ஒரே பெயர் கொண்ட மருந்தும் ஒரு வார்ப்புக்கும் மறு வார்ப்புக்கும் சிறிது வேறுபடும். ஆகவே குறிப்பேட்டில் உள்ளது பொய்யன்று. அது மெய், ஆனால் ஓர் இடத்துக்கும் ஒரு காலத்துக்கும் உரிய மெய். மேலும், அத்தகைய ஏடுகளில் அடித்துத் திருத்திய வரிகள் பல இருக்கும். தந்தையே தம் சொல்லை ஐயுற்றார் என்பதற்கு அவ்வரிகளே சாட்சி.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். எல்லாவற்றையும் தானே சோதித்து வாழ எவனால் இயலும்? மகன் கையேட்டை நம்புகிறான், எடைக்கல்லை நம்புகிறான். தந்தையை விட்டு முன்பின் அறியாதவரை நம்புவது என்ன நியாயம்? தடை வலியதுதான். நம்பிக்கையை அறவே நீக்கிவிட முடியாது. நம்புகின்றவற்றுள்ளும் ஒரு வேறுபாடு காண முடியும். என் கைக்கு எட்டும் சோதனை ஒன்று இருந்து, அதனை நான் செய்யாமல் விட்டு, அதனால் வரும் கேடு பிறர்மேல் விழுமாயின், ‘தந்தை சொன்னார்’ என்பது விடையாகாது. மருந்து இருமடங்கு விழுந்த தோட்டா துப்பாக்கியையே பிளக்கக்கூடும். மருந்து போதாத தோட்டா குண்டினைக் குழலின் நடுவே நிறுத்திவிடும். அதனை அறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். வெடிக்கும்போது, சுட்டவனோடு அது நிற்பதில்லை. பக்கத்து மேசையில் நிற்பவன் அக்குறிப்பேட்டைக் கண்டவனும் அல்லன். அதனை நம்ப இசைந்தவனும் அல்லன். தான் நிரப்பிய தோட்டாவைப் பிறருக்குக் கொடுக்காமையும், பிறர் நிரப்பியதைத் தான் சுடாமையும் அங்கே ஓர் ஒழுக்கமாகவே போற்றப்படுகின்றன.

இதனை நான் அயலார் கதையாகப் படித்து முடித்திருக்கலாம். இயலவில்லை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, என் ஆசிரியர் தம் குறிப்பேட்டை எனக்கு அளித்தார். அதற்கு ஈடான பரிசு பிறகு எனக்குக் கிடைத்ததில்லை. அதில், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த ஆண்டு 1887 என்றிருந்தது. ஒன்பது ஆண்டுகள் அவ்வாறே கரும்பலகையில் எழுதினேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, நூலகத்தில் தான் பார்த்த புத்தகத்தில் 1892 என்றிருக்கிறதே என்று தயங்கித் தயங்கிக் கூறினாள். 1887 இல் வந்தது சீவக சிந்தாமணி. நூலகம் என் வகுப்பிலிருந்து இருபது அடி தொலைவில்தான் இருந்தது.

அப்பிழை எத்தகைய மனிதரைப் பற்றியது என்று எண்ணும்போதுதான் நாணம் மிகுகிறது. சாமிநாதையர் தம் கைக்கு வந்த ஓர் ஏட்டை அப்படியே அச்சேற்றியவர் அல்லர். ஊர் ஊராகச் சென்று வேறு ஏடுகளைத் தேடி, பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு, ஐயமுற்ற இடங்களில் மாதக்கணக்கில் காத்திருந்தவர். முன்னோரின் ஓலைகளை அவரினும் மிகுதியாக மதித்தவர் யார்? அவற்றை அவரினும் மிகுதியாக ஐயுற்றவர்தாம் யார்?

என் ஆசிரியரின் குறிப்பேடு இன்றும் என் மேசையில் இருக்கிறது. அவ்வாண்டினை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 1892 என்று எழுதினேன். அதன்பின் ஏனைய பக்கங்களையும் ஒவ்வொன்றாக நூலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அவ்வொன்பது ஆண்டுகளில் என்னிடம் பயின்றவர்களுள் சிலர் இன்று தமிழாசிரியர்கள். அவர்களுள் முகவரி தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன்.