திறக்காத புட்டி யாருக்குச் சொந்தம்?

உண்பவன் தான் உண்ணும் சோற்றுக்குச் சொந்தக்காரன் ஆகாமல் இருக்க முடியுமா? பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் திருச்சபையை அலைக்கழித்த கேள்வி இது. அசிசியின் பிரான்சிஸ் வழிவந்த துறவிகள் தங்களுக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று உறுதி எடுத்தவர்கள். ஆனால் துறவிக்கும் பசிக்குமே. கையில் விழும் ரொட்டியும் குவளையில் ஊற்றும் திராட்சை மதுவும் யாருடையவை? உடைமை திருச்சபையைச் சேர்ந்தது, பயன்பாடு மட்டுமே எங்களுடையது என்று அவர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். 1279-இல் போப் மூன்றாம் நிக்கோலஸ் அந்த ஏற்பாட்டுக்கு முத்திரை குத்தினார். 1322 டிசம்பரில், அவிஞ்ஞோனில் வீற்றிருந்த போப் இருபத்திரண்டாம் ஜான் அதை உடைத்தெறிந்தார். வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர் ஒருவர் என்று இருக்கலாம். வீடு அதனால் தீர்ந்துவிடுவதில்லை. பயன்படுத்தினாலே தீர்ந்துபோகும் பொருளில் உடைமையையும் பயன்பாட்டையும் அப்படிப் பிரிக்க முடியாது என்பது அவர் வாதம். அரை நூற்றாண்டுக்கு முன் வட்டியைக் கண்டித்து எழுதிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாசும் இதையே சொல்லியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களே கோதுமையும் மதுவும்தான். துறவிகள் பக்கம் நின்று வாதாடிய ஓக்கமின் வில்லியம் 1328-இல் அவிஞ்ஞோனிலிருந்து இரவோடு இரவாகத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. சோற்றுக்கு யார் சொந்தம் என்ற வழக்கில் இவ்வளவு சூடு.

அந்த வழக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்றைய விஸ்கி ஏலம் வந்துவிடுகிறது. துறவிகள் உடைமையே இல்லாமல் பயன்பாடு மட்டும் போதும் என்றார்கள். அரிய விஸ்கியைச் சேர்ப்பவர் பயன்பாடே இல்லாமல் உடைமை மட்டும் போதும் என்கிறார். 1926-இல் ஸ்காட்லாந்தின் மெக்கல்லன் வடிசாலையில் வடித்து, அறுபது ஆண்டுகள் பீப்பாயில் கிடந்து, 1986-இல் 40 புட்டிகளில் அடைக்கப்பட்ட சரக்கு ஒன்று உண்டு. அதில் 12 புட்டிகளுக்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி வரைந்த லேபிள். அவற்றில் ஒன்றை 2023 நவம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலம் விட்டது. சுமார் 22 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. ஏலத்துக்கு முன் வடிசாலையே அந்தப் புட்டியைச் செப்பனிட்டது. தக்கையை மாற்றினார்கள், மேல் உறையை மாற்றினார்கள், லேபிளின் மூலைகளுக்குப் புதிதாகப் பசை தடவினார்கள். ஒரு மில்லிலிட்டரை மட்டும் எடுத்து, அதே சரக்கின் வேறொரு புட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏல நிறுவனத்தின் விஸ்கி பிரிவுத் தலைவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். அந்த 12-இல் ஒன்று 2011-இல் ஜப்பான் நிலநடுக்கத்தில் நொறுங்கியது என்றும், இன்னொன்றை யாரோ திறந்து குடித்துவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. விலைக் கணக்கில் இவ்விரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. நிலநடுக்கம் செய்ததும் குடித்தவர் செய்ததும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்ததுதான். எஞ்சியவற்றின் சொந்தக்காரர்களுக்கு இரண்டும் லாபம்.

இது கோடீஸ்வரர்களின் விளையாட்டு மட்டுமல்ல. பெர்த், கிளாஸ்கோ நகரங்களைத் தளமாகக் கொண்ட ஆன்லைன் ஏல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான புட்டிகளை ஏலம் விடுகின்றன. பெரும்பாலானவை நூறு, இருநூறு பவுண்டுக்குள் போகிற சாதாரணச் சரக்கு. விற்பவர் புட்டியை அனுப்பிவைக்கிறார். அவர்கள் முன்னும் பின்னும் படம் எடுத்து, கழுத்தில் திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது, லேபிளில் கிழிசல் உண்டா, உறை தளர்ந்திருக்கிறதா என்று குறிப்பு எழுதிப் பட்டியலில் ஏற்றுகிறார்கள். கெடு முடியும் தறுவாயில் யாராவது விலையை ஏற்றினால் நேரம் நீளும். கடைசி நொடியில் புகுந்து தட்டிக்கொண்டு போக முடியாது. எடுத்தவர் ஏல விலைக்கு மேல் தரகும் வரியும் கட்டுகிறார். எல்லாம் நேர்த்தியாக நடக்கிறது. அந்தக் குறிப்புகளில் இல்லாதது ஒன்றுதான்: இந்தப் புட்டியில் இருப்பது எப்படி இருக்கும் என்பது. இருக்கவும் முடியாது. அதை அறிய ஒரே வழி திறப்பது. திறந்தால் ஏலத்துக்கு அது பொருளே அல்ல.

சேர்ப்பவர் கையில் இருப்பது உண்மையில் என்ன? குடிக்கும் உரிமை. வேண்டும்போது திறந்து ஊற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை. அவர் அதைப் பயன்படுத்தாமல் இன்னொருவருக்கு விற்கிறார். அவர் மூன்றாமவருக்கு விற்கிறார். ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதில் தவறில்லை. ஆனால் இந்தச் சங்கிலியில் யாருமே, என்றைக்குமே, அந்த உரிமையைப் பயன்படுத்தப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், கைமாறிக்கொண்டிருப்பதற்கு உள்ளடக்கம் என்ன? ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே, பயன்படுத்தித் தீர்க்க வேண்டிய பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பவர் அதன் முழுச் சொந்தக்காரர் அல்ல, காவலர் என்கிறேன். சொந்தம் என்பது முழுமை பெறுவது திறப்பவர் கையில்தான். அதுவரைக்கும் அந்தப் புட்டியின் விலை, வேறெங்கோ வேறு யாரோ திறந்து குடித்த புட்டிகளிடம் வாங்கிய கடன்.

இது வெறும் தர்க்க விளையாட்டல்ல என்பதற்குச் சான்று போலிகளைப் பற்றிய பதற்றத்திலேயே இருக்கிறது. 2017-இல் சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில், 1878-ஐச் சேர்ந்த மெக்கல்லன் என்று எழுதியிருந்த புட்டியிலிருந்து 2 சென்டிலிட்டரை ஒரு சீன எழுத்தாளர் 9,999 பிராங்கு கொடுத்துக் குடித்தார். படங்களைப் பார்த்த விஸ்கி வல்லுநர்கள் தக்கையும் லேபிளும் சரியில்லையே என்றார்கள். சோதித்தபோது அது 1970-72 வாக்கில் தயாரான, தானிய விஸ்கி கலந்த சாதாரணக் கலவை என்று தெரிந்தது. ஹோட்டல்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ஸ்காட்டிஷ் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 55 அரிய புட்டிகளைச் சோதித்ததில் 21 போலி அல்லது எழுதிய ஆண்டைச் சேராதவை. சோதிக்கும் முறை எளிய அடிப்படை கொண்டது. 1950-களிலும் 60-களிலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவைக் கூட்டின. எந்த ஆண்டில் பார்லி விளைந்ததோ அந்த ஆண்டின் காற்றை அது தன்னுள் வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து வடித்த சாராயத்திலும் அது தங்குகிறது. 1878 என்று எழுதிய புட்டிக்குள் அணுகுண்டு யுகத்தின் பார்லி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். என் கேள்வி இதுதான்: யாரும் குடிக்கப் போவதில்லை என்றால், உள்ளே என்ன இருந்தால் என்ன? கண்ணாடி அதே, லேபிள் அதே, அலமாரியில் நிற்கும் நிலை அதே. தேநீரை ஊற்றி மூடினால்கூட யாருக்கு நஷ்டம்? ஆனாலும் எல்லோரும் பதறுகிறார்கள், ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். குடிக்கப்படும் சாத்தியத்தின் மேல்தான் விலை நிற்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். புனிதரின் எலும்பைப் பேழையில் வைத்து வணங்குகிறார்கள். அது எதற்கும் பயன்படுவதில்லை, என்றாலும் அது மெய்யான எலும்பா என்பது பக்தருக்கு முக்கியம். விஸ்கிப் புட்டியும் அப்படி ஒரு திருப்பண்டம்தான். அதன் மதிப்பு வரலாற்றோடு உள்ள தொடர்பில் இருக்கிறது, நாக்கில் அல்ல. யோசிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் வரலாற்றுத் தொடர்பு மட்டும் போதுமென்றால் காலிப் புட்டிக்கும் அது உண்டு: அதே வடிசாலை, அதே ஆண்டு, அதே அடாமி லேபிள். காலிப் புட்டிக்கு நிறைந்த புட்டியின் விலையில் மிகச் சிறு பங்குக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். தொடர்பு அறுபடவில்லை, திரவம் மட்டும்தான் இல்லை. ஓவியத்தோடு ஒப்பிடுவதும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறது. ஓவியத்தின் பயன் பார்ப்பது. ஆயிரம் பேர் பார்த்தாலும் அது குறைவதில்லை, பூட்டி வைத்தால்தான் அதற்கு அநியாயம்.

இன்னொரு மறுப்பு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கிடமிருந்து வரும். இது முந்தையதைவிட வலுவானது. 1689-இல் வெளிவந்த ஆட்சியியல் நூலில், ஒருவன் எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு அவர் வைத்த எல்லை, கெட்டுப்போகும் முன் பயன்படுத்த முடிந்த அளவு. அழுகும் பழத்தைக் குவித்தால் பிறர் பங்கைத் திருடியதாகும். அழியாத உலோகத்தைக் குவித்தால் யாருக்கும் அநீதியில்லை. பணம் பிறந்ததே அப்படித்தான். விஸ்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் விசித்திரமான பொருள். பீப்பாயில் இருக்கும்வரை ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவீதம் ஆவியாகிப் போகும், முதிரவும் செய்யும். புட்டியில் அடைத்துவிட்டால் முதிர்வதும் இல்லை, நிமிர்த்தி வைத்து வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகளுக்குக் கெடுவதும் இல்லை. பன்னிரண்டு வயதில் அடைத்தது நூறு ஆண்டு கழித்தும் பன்னிரண்டு வயதுச் சரக்குதான். அப்படியென்றால் லாக்கின் கணக்கில் இது உலோகம், குவிப்பதில் குற்றமில்லை. இங்கேதான் லாக் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார் என்று தோன்றுகிறது. கெடுவது மட்டும்தானா வீண்? நாணயம் செய்யப்பட்டதே கைமாறுவதற்கு. கைமாறுகையில் அது தன் வேலையைச் செய்துவிடுகிறது. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, புகையூட்டி, இருமுறை வடித்து, தலைமுறைக் காலம் பீப்பாயில் காத்திருந்தது கைமாறுவதற்காக அல்ல. அழுகாமலே வீணாகலாம்.

எனக்குத் தடையாக உண்மையிலேயே நிற்பது வேறொன்று. 1980-களில் தேவைக்கு மேல் விஸ்கி தேங்கியபோது ஸ்காட்லாந்தில் பல வடிசாலைகளை மூடினார்கள்; ஐலா தீவின் போர்ட் எலனும் வடக்கே புரோராவும் 1983-இல் மூடப்பட்டன. அன்று யாரும் இவற்றுக்காக அழவில்லை. சேர்த்து வைத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சுவைகள் அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். குடித்துத் தீர்ப்பதே அறம் என்றால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்? இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்றாலும் என் முடிவு மாறவில்லை. காத்து வைப்பது காவலரின் வேலை, அது நல்ல வேலையும்கூட. ஆனால் யாருக்காகக் காக்கிறோமோ அவர் ஒருநாள் வர வேண்டும். உறவினர் இறந்தபின் அலமாரியில் கிடந்த பழைய புட்டியைக் கிளாஸ்கோவுக்கு அனுப்ப, எங்கோ ஒருவர் எண்பது பவுண்டுக்கு எடுத்து நண்பர்களோடு அன்று மாலையே திறக்கிறார் என்றால், ஏலம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. என் வழக்கு ஏலத்தோடு அல்ல. வடிசாலையின் விற்பனைக் குலுக்கலில் தன் பேருக்கு விழுந்த புது வெளியீட்டை அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காமல் அடுத்த ஏலத்திலேயே ஏற்றுகிறவரோடுதான். குடிக்கக் காத்திருந்தவருக்கும் வடிசாலைக்கும் நடுவில் அவர் வந்து நின்றார். காக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

தமிழ் வாசகர் சிலருக்கு இந்த விசாரம் முழுவதுமே வேடிக்கையாகப் படலாம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். அந்தக் கண்ணால் பார்த்தால் திறக்காத புட்டிதான் உலகிலேயே நல்ல புட்டி, அதைப் பூட்டி வைத்திருப்பவர் தெரியாமலே புண்ணியம் செய்கிறார். ஆனால் இந்தப் புண்ணியம் தேறாது. மது வேண்டாம் என்பவர் அதை வாங்கவே மாட்டார். சேர்ப்பவரோ பிறர் குடிக்க ஆசைப்பட வேண்டும் என்று தினமும் விரும்புகிறார், அந்த ஆசை வற்றினால் அவர் முதலும் வற்றும். 2022-க்குப் பின் ஏல விலைகள் சரிந்தபோது பலர் இதைக் கண்கூடாகக் கண்டார்கள். வள்ளுவரிடம் இவருக்குப் பொருந்தும் அதிகாரம் அதுவல்ல. தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் கிடக்கும் பொருளைப் பற்றிய நன்றியில் செல்வம்.

போர்ட் எலன் 2024-இல் மீண்டும் திறந்தது. அங்கே இப்போது வடிப்பது மூன்று ஆண்டாவது ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் சட்டப்படி விஸ்கி என்றே பெயர் பெறும். பேர் சொல்லும் வயதை எட்ட இன்னும் எவ்வளவோ ஆகும். எட்டியதும் முதலில் எழும் கேள்வி, பழைய போர்ட் எலனின் குணம் இதில் இருக்கிறதா என்பதுதான். லேபிளும் கார்பன் அளவும் இதற்குப் பதில் தராது. 1983-க்கு முன் வடித்த ஒரு புட்டியை யாராவது திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஏலப் பட்டியலில் ஒரு புட்டி குறையும், மற்றப் புட்டிகளின் விலை கொஞ்சம் ஏறும். அந்த லாபம் யாருக்கு என்று இப்போதே சொல்லிவிடலாம். அந்தச் செலவை யார் ஏற்பார் என்பதைத்தான் எந்த ஏலத்தாராலும் சொல்ல முடியாது.