சாயம் பூசுமுன்

சென்ற கோடையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு மேசை எங்கள் வேப்பம்பட்டு வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அனுப்பியவள் என் தங்கை. அங்கே அவள் புது வீடு கட்டி முடித்திருந்தாள். மந்திரிப்புக்கு நாளும் குறித்தாயிற்று. கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்தின்கீழ் எங்கள் பெற்றோர் வீட்டு மேசையைத்தான் போடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆனால் மேசையின் வார்னிஷ் அங்கங்கே உரிந்து கிடந்தது. தண்ணீர்ச் செம்பு வைத்த இடங்களில் வெள்ளை வளையங்கள். நடுவில், செபமாலை மாதத்தில் ஏதோ ஓர் இரவு சாய்ந்த மெழுகுவர்த்தி சுட்ட வடு. “உன் வீட்டில் தாழ்வாரம் இருக்கிறது, பக்கத்தில் தச்சுப்பட்டறையும் இருக்கிறது. புதுசுபோல ஆக்கிக் கொடு அண்ணா” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

இந்த மேசைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு: தேக்கு மேசை. 2006-இல் பணி ஓய்வு பெற்ற கையோடு அப்பா வாங்கியது. விருந்தினர் எவர் வந்தாலும் அம்மா அதன் விளிம்பைத் தடவியபடியே பேசுவார்கள். இருவரும் காலமான பின்பு, 2018-இல், வீட்டுச் சாமான்களைப் பங்கிட்டோம். இரண்டு இரும்புப் பீரோக்களும் அம்மாவின் தையல் இயந்திரமும் என் பங்கு. தேக்கு மேசை தங்கையின் பங்கு. தேக்காயிற்றே, மூன்றுக்கும் அது ஒன்றே ஈடு என்று மூத்தவனாகிய நான்தான் தீர்ப்புச் சொன்னேன். அவளும் மறுக்கவில்லை.

பட்டறை ஆசாரி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். பழைய வார்னிஷை மருந்து தடவி இளக்கித் தகட்டால் வழித்தார். பிறகு உப்புத்தாள்: முதலில் எண்பது, அடுத்து நூற்றிருபது, கடைசியில் இருநூற்றிருபது, எப்போதும் ரேகை ஓடும் திசையில்தான். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது, சாயம் பட்டதும் கருங்கோடாய் எழுந்து நிற்கும் என்றார். நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மறுமுனையில் அமர்ந்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். பழுப்பு நிறம் தூளாய் உதிர்ந்த இடத்தில் தேக்கின் பொன்மை தென்படவில்லை. வெளிர் மஞ்சளில், அகன்ற வரிகளோடு, கண்விழி போன்ற கணுக்களோடு ஒரு மரம் எட்டிப் பார்த்தது. ஆசாரி விரலில் ஒட்டிய தூளை முகர்ந்தார். ஒன்றும் சொல்லாமல் மேசையைப் புரட்டிப்போட்டார். அடிப்பலகையின் மூலையில் முத்திரை ஒன்று மங்கலாய்த் தெரிந்தது: கதிர் போன்ற ஒரு சின்னம், சில எண்கள், ‘எச்.டி.’ என்ற இரண்டு எழுத்துகள். “பேக்கிங் மரம், சார்” என்றார்.

இந்தப் பகுதியில் வாழ்பவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குக் கடல் கடந்து வரும் இயந்திரங்கள் பைன் மரப் பெட்டிகளில் வருகின்றன. மரத்தோடு பூச்சிகளும் நாடுவிட்டு நாடு போய்விடாதபடி, அதன் உள்மையம்வரை 56 பாகை வெப்பம் முப்பது நிமிடமாவது ஏறவேண்டும் என்று 2002-இல் ஓர் அனைத்துலக விதி செய்தார்கள். அவ்வாறு சூடேற்றியதற்கான சான்றே அந்த ‘எச்.டி.’ முத்திரை. இயந்திரம் இறங்கிய பிறகு பெட்டி தச்சுப்பட்டறைக்குப் போகிறது. கட்டிலாகவும் அலமாரியாகவும் மறுபிறப்பு எடுக்கிறது. அதில் இழிவு ஏதுமில்லை. ஏழை வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பலகையின்மேல் எழுதித்தான் படித்தார்கள்.

தேக்கு வேறு வகை. தமிழும் மலையாளமும் பகிர்ந்துகொள்ளும் அந்தச் சொல்லையே போர்ச்சுக்கீசியர் எடுத்துச் சென்றனர். அது ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியும் அவருக்குத் துணைநின்ற சாத்து மேனனும் நிலம்பூரில் நட்டுவைத்த தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. கரையான் தேக்கின் வைரத்தை எளிதில் அண்டாது. அதன் எண்ணெய்ப் பசை அதற்குள்ளேயே இருக்கிறது. உள்ளே வைரம் பாய்ந்ததை ‘மரம்’ என்றும், பனை தென்னையைப்போல வெளியே வைரம் உடையதைப் ‘புல்’ என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் மேசை என்னவோ மரம்தான். அதன் மேனி நிறம் மட்டுமே வெளியிலிருந்து வந்தது.

“கவலைப்படாதீங்க சார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெலிசாக ஒரு கை கொடுத்துவிட்டு, அதற்குமேல் சாயம் பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிக்காது. தேக்கு நிறம் அப்படியே வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது” என்றார் ஆசாரி. அவர் அம்மா என்றது என் தங்கையை. அவரைக் குறை சொல்ல நான் யார்? கேட்ட நிறத்தைக் கொடுப்பது அவர் தொழில். தேக்கு என்று அவர் எவரிடமும் சொல்லப்போவதில்லை. அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

சாயம் பூசுவது பொய் ஆகுமா? வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியது நம் நினைவுக்கு முதலில் வரும். ஆயினும் யூதர்கள் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தது எவரையும் ஏமாற்றுவதற்கு அன்று. பாஸ்கா விழாவுக்கு வரும் யாத்திரிகர் அறியாமல் தொட்டுத் தீட்டுப்படாதிருக்க, ‘இது கல்லறை’ என்று எச்சரிப்பதற்கே. எனவே பூச்சு உண்மையைச் சொல்லவும் வல்லது. ஜான் ரஸ்கின் என்ற ஆங்கிலேய அறிஞர் 1849-இல் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலில், மரத்தைப் பளிங்குபோலத் தோன்றும்படி வண்ணம் தீட்டுவதைக் கடுமையாகக் கண்டித்தார். அவரே கட்டடங்களில் பொன்முலாம் பூசுவதை மன்னித்துவிடுகிறார். காரணம், கோபுரம் முழுவதும் பசும்பொன் என்று எவரும் நம்புவதில்லை. அதே முலாம் ஒரு நகையின்மேல் ஏறினால் வஞ்சனை ஆகிவிடுகிறது. நம் கோவில் பீடங்களில் மின்னும் பொன்வண்ணமும் இப்படித்தான், அதைப் பார்த்து ஏமாந்தவர் இல்லை. அப்படியானால் பொய் தூரிகையில் இல்லை. அது பார்ப்பவரின் நம்பிக்கைக்கும் பூசுபவரின் எண்ணத்துக்கும் இடையே எங்கோ இருக்கிறது.

புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே இதைத் தொட்டிருக்கிறார். பெண்கள் முகத்துக்கு வண்ணம் பூசுவது பாவமா என்ற கேள்விக்கு விடை கூறுகையில், இல்லாத அழகைப் போலியாகக் காட்டுவது வேறு, நோய் முதலியவற்றால் வந்த உருக்குலைவை மறைப்பது வேறு என்று பிரிக்கிறார்; பின்னதற்கு அவரிடம் தடையில்லை. (ஆண்களின் தலைச்சாயம் பற்றி அவர் ஏதும் எழுதியதாக நான் காணவில்லை. எழுதியிருந்தால் நம்மில் பலருக்குச் சங்கடம்.) இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் தண்ணீர் வளையங்களை நீக்கலாம், மெழுகுவர்த்தி வடுவையும் மறைக்கலாம். பைனைத் தேக்காக்குவதுதான் இடறுகிறது.

அதே பெருநூலில் வாணிகம் பற்றிய பகுதியில் மற்றொரு கருத்து உண்டு. அதுதான் என்னை உறங்கவிடவில்லை. குறையுள்ள பொருளை அறியாமல் விற்றவனுக்குப் பாவம் இல்லை. ஆனால் குறை தெரியவந்த நாளிலிருந்து, வாங்கியவருக்கு ஈடு செய்யும் கடமை அவனுக்கு உண்டு என்கிறார் அக்குவினாஸ். நான் எதையும் விற்கவில்லைதான். ஆயினும் இரண்டு பீரோக்களுக்கும் ஒரு தையல் இயந்திரத்துக்கும் ஈடாக இந்த மேசையை நிறுத்தித் தீர்ப்புச் சொன்னவன் நானே. அன்று அறியாமல் செய்தேன். உப்புத்தாள் பிடித்த அந்தச் சனிக்கிழமையோடு அறியாமை முடிந்துவிட்டது. இனி தேக்குச் சாயம் பூசினால், அது தங்கையின் மனமகிழ்ச்சிக்காக என்று நான் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்தச் சாயம் காப்பாற்றப்போவது என் வீட்டிலுள்ள இரண்டு பீரோக்களை. பிறருக்காக மறைக்கிறோம் என்று நாம் எண்ணும் வேளைகளில் யாருடைய பொருள் பத்திரமாகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்பாவை விற்றவர் ஏமாற்றினார் என்று முதலில் ஆத்திரப்பட்டேன். பிறகு அவருடைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். வாங்கிய மின்விசிறிக்கும் கடிகாரத்துக்கும் கம்பெனிப் பெயரோடு எழுதி வைக்கும் மனிதர் அவர். 2006-ஆம் ஆண்டுப் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘மேசை, ரூ.2,800’. தேக்கு என்ற சொல் இல்லை. ஆசாரியிடம் விலையைச் சொன்னேன். “அந்த விலைக்குத் தேக்கு மேசை யார் சார் கொடுப்பாங்க? வாங்கினவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?” என்றார். விற்றவர்மேல் கொண்ட கோபம் அத்துடன் நிற்க இடமின்றிப் போயிற்று. தேக்கு என்று வீட்டில் முதலில் சொன்னது யார்? அப்பாவா? நிறத்தைப் பார்த்து அம்மா சொல்ல, அப்பா திருத்தாமல் விட்டாரா? பன்னிரண்டு ஆண்டுகள் எங்கள் அம்மா அந்த விளிம்பைத் தடவினார்கள். அந்த மௌனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அதை என் மௌனத்தோடு சேர்த்து எண்ண மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் அதனால் ஒரு பீரோவும் அடையவில்லை.

சாயம் வேண்டாம், எண்ணெய் மட்டும் போதும் என்றேன். கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய். இந்தச் செடியின் நாரிலிருந்துதான் திருப்பீடத்தில் விரிக்கும் லினன் துணியும் வருகிறது. இந்த எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகுகிறது. சாயம் மரத்தின்மேல் தன் நிறத்தை ஏற்றும். எண்ணெயோ மரத்தின் நிறத்தையே ஆழமாக்குகிறது. துணியில் தோய்த்துத் தேய்த்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடவேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டேன். ஆசாரி பாய்ந்து வந்து எடுத்து விரித்துக் கொடியில் போட்டார். காய்கையில் அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுகிறது. சுருட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் 1991 பிப்ரவரி 23 அன்று எரியத் தொடங்கியது இவ்வாறுதான். 22-ஆம் மாடியில் மரவேலையைப் புதுப்பித்தவர்கள் எண்ணெய்த் துணிகளை விட்டுச் சென்றிருந்தனர். தீயணைப்பு வீரர் மூவர் மாண்டனர். எவரும் நெருப்பு வைக்கவில்லை. காற்றுப் படாமல் குவித்து வைத்தார்கள், அவ்வளவே.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து மின்சார ரயிலில் தங்கை வந்தாள். மேசை தாழ்வாரத்தில் தேன்நிறத்தில் இருந்தது. கணுக்கள் பளிச்சென்று தெரிந்தன. மெழுகுவர்த்தி வடுவை ஆசாரி முழுதும் தேய்க்கவில்லை. மேலும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும் என்றார். “என்ன அண்ணா, இப்படி வெளுத்துப்போச்சு?” என்றாள். நான் மேசையைச் சரித்துப் பிடித்தேன். குனிந்து முத்திரையைப் பார்த்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். 2018-இல் நான் சொன்ன கணக்கைத் திரும்பச் சொல்லி, பீரோக்களில் ஒன்றை எடுத்துக்கொள் என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?” என்றாள். நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பீரோ வைக்கப் புது வீட்டில் இடமில்லையாம். அம்மாவின் தையல் இயந்திரத்தைக் கேட்டாள். வாசலில் ஏற்றிவிட்டோம், அது அன்றே கும்மிடிப்பூண்டிக்குப் போயிற்று. மேசைக்கு எண்ணெய் இன்னும் இறுகவில்லை. மேலும் நான்கு நாள்கள் தாழ்வாரத்திலேயே இருந்து, மந்திரிப்புக்கு முந்தின மாலைதான் போய்ச் சேர்ந்தது.