பாதை யாருக்கு?

உடைந்தவை பல, கையிலிருக்கும் பணமோ கொஞ்சம். முதலில் எதைச் சீர்ப்படுத்துவது? பேரழிவு ஒவ்வொன்றின் பின்னும் எழும் இக்கேள்வியைப் பொறியியலாளரிடமும் கணக்காளரிடமும் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் இது அடிப்படையில் ஓர் அறநெறிக் கேள்வியாகும்.

2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையைத் தாக்கிய டித்வா சூறாவளி 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கொழும்பு - பதுளை புகையிரதப் பாதை பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. அடிமண் கழுவுண்டு போக, தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கிய படங்களைப் பத்திரிகைகளில் கண்டோம்.

இப்பாதையின் அழகை உலகமே அறியும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலயைக் கடந்து அது ஊவாவுக்குள் இறங்குகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணப் பல நாட்டவர் வருகின்றனர். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் விட்டுவந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது.

ஆனால் இப்பாதை அழகுக்காகப் போடப்பட்டதன்று. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே அது மலையேறியது. 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிய பாதை மனிதரையும் ஏற்றியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல, தலைமன்னார்க் கப்பலுக்குப் போகக் கோச்சி ஏறியதும் இப்பாதையின் நிலையங்களிலேதான். உறவைப் பிரிந்தோரின் அழுகுரல் கேட்ட மேடைகள் அவை.

ஆகவே, ஒரே பாதைக்கு இரு முகங்கள் உண்டு. ஜன்னலோரம் அமர்ந்து பார்ப்பவருக்கு அது காட்சி. பதுளை வைத்தியசாலைக்குப் போகும் தோட்டத்துத் தாய்க்கும், பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும், மரக்கறி மூட்டையுடன் நிற்கும் சிறு விவசாயிக்கும் அது பிழைப்பு. அந்தக் காட்சிக்குள்ளே வாழும் மனிதர் வெறும் காட்சிப் பொருளல்லர் அன்றோ?

ஜப்பானிலும் இத்தகைய கேள்வி எழுந்தது. புக்குஷிமா மாநிலத்தின் மலை ஆறொன்றின் ஓரமாகச் செல்லும் தடாமி புகையிரதப் பாதையின் பாலங்களை 2011 ஜூலை மாதப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. சேதமுற்ற பகுதியில் பயணம் செய்தோர் மிகச் சிலரே. இலாபக் கணக்கின்படி அதைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் மாநில அரசு அப்பகுதியின் பாதையைத் தன் பொறுப்பில் ஏற்க, புகையிரதக் கம்பனி வண்டிகளை ஓட்டுவதென முடிவாயிற்று. பதினொரு ஆண்டுகளின் பின், 2022 அக்டோபர் 1ஆம் திகதி பாதை முழுவதும் மீண்டும் திறக்கப்பட்டது. அதே நாட்டின் கியூஷூ தீவில் 2017 வெள்ளத்தில் சிதைந்த வேறொரு பாதையின் ஒரு பகுதியோ பஸ் தடமாக மாற்றப்பட்டது. எவரது தேவையை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு ஒரே நாடு இரு விடை கண்டது.

அளவுகோல் எது? பொதுச் சொத்தை எவருக்கு எவ்வளவு வழங்குவது என்பதைப் பகிர்வு நீதி என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமாஸ் அக்குவினாசும் அவ்வழியே சிந்தித்தார். கொடுத்ததற்கு ஈடாகப் பெறும் சந்தை நீதி வேறு. சமூகம் தன் உறுப்பினர்க்குச் செலுத்த வேண்டிய பகிர்வு நீதி வேறு. பயணச்சீட்டு வருமானத்தை மட்டும் பார்த்து முன்னுரிமை வகுப்பவர் பின்னையதை முன்னையதாகக் குழப்பிவிடுகிறார்.

"உல்லாசப் பயணிகளின் பணம் நாட்டுக்கு வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். வேண்டும். அது தோட்டத்து இளைஞருக்கும் வேலை தருகிறது. பாதையைச் சீர்ப்படுத்துவதை எவரும் மறுக்க முடியாது. மறுக்க வேண்டியது ஒன்றே: பாதை திறந்ததும் மலை குணமாகிவிட்டது எனக் கருதும் மனப்பான்மை. தண்டவாளத்தைத் தாங்கும் மலையே லயத்தையும் தாங்குகிறது. கோச்சி பாதுகாப்பாகச் செல்ல மண்ணைச் சோதித்துத் தடுப்புச் சுவர் எழுப்புவோம். நூறு யார் தள்ளி அதே சரிவில் உறங்கும் குடும்பத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் கொடுப்போம் என்றால் அது நீதியாகுமா?

கொஸ்லாந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே லய வரிசைகள் மண்ணுக்குள் புதையுண்டன. ஆபத்து உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. "ஏன் போகவில்லை?" என்று பின்னர் எளிதாகக் கேட்டோர் உண்டு. எங்கே போவது? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் சொந்தமாக ஒரு துண்டு நிலமற்றவருக்கு, போக இடம் காட்டாத எச்சரிக்கை, பொறுப்பை அவர் தலையிலேயே சுமத்தும் தந்திரமாக முடிகிறது. எச்சரிப்பவர் கடமை எச்சரிக்கையோடு தீர்வதில்லை.

உயிர், பிழைப்பு, களிப்பு என்பதே அறத்தின் வரிசை. மூன்றும் நல்லவையே, ஆயினும் மூன்றாவதை முதலாவதாக்கும் போது அநீதி நுழைகிறது. எனவே நம் குடும்பங்களும், ஆசிரியர்களும், தொழிற்சங்கத்தாரும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது இது: பாதைக்காக மண்ணை ஆராய்ந்தபோது மேலும் கீழும் உள்ள லயங்களையும் ஆராய்ந்தீர்களா? ஆபத்தான லயத்தின் மக்களுக்கு உறுதியோடு கூடிய நிலம் எங்கே, எப்போது? விடை எழுத்தில் வரும்வரை, பணிவோடும் சலிக்காமலும் கேட்டுக்கொண்டே இருப்போமாக.