மட்சுவோ மலையில் நின்றவன்

செகிகஹாராவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வடக்கே இருக்கும் சசாவோ குன்றில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1600 அக்டோபர் 21 அன்று தோற்ற மேற்கு அணியை நடத்திய இஷிதா மிட்சுனாரி பாளயம் இறங்கிய இடம் அது. சிரமமில்லாமல் ஏறிவிடலாம். நான் தெற்கே மட்சுவோ மலைக்கு நடந்தேன். உயரம் 293 மீட்டர்தான். ஆனால் என் முழங்காலுக்கு அது தெரியவில்லை.

உச்சியில் ஒரு சிறிய சமதளம். இரண்டு அரிவாள்கள் குறுக்கே கிடக்கும் சின்னத்தோடு கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. கொபயகவா ஹிதெஅகியின் சின்னம் அது. போர் நடந்தபோது அவனுக்கு வயது 18. ஜப்பானையே கட்டியாண்ட தொயொதொமி ஹிதெயொஷி, தன் மனைவியின் அண்ணன் மகனான அவனைச் சிறுவயதில் தத்தெடுத்தார். சொந்தப் பிள்ளை பிறந்ததும் கொபயகவா குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டு வீட்டிலும் வளர்ந்து எந்த வீட்டுக்கும் ஆகாத பிள்ளை. அவனிடம் 15,000 வீரர்கள் இருந்ததாகச் சொல்வார்கள்.

கதை இப்படி. காலையில் மூடுபனி. எட்டு மணிவாக்கில் பனி விலகக் கீழே சண்டை மூண்டது. ஹிதெஅகி பேருக்கு மேற்கு அணி. ஆனால் கிழக்கு அணியின் தொகுகவா இயெயசுவுக்கும் ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தான். மதியம் வரை மலைமேல் மதில் மேல் பூனையாக நின்றான். பொறுமையிழந்த இயெயசு மலையை நோக்கித் துப்பாக்கியால் சுடச் சொன்னார். அரண்டுபோன பையன் மலையிறங்கி, தன் அணிக்காரரான ஒதானி யொஷித்சுகுவின் படைமீதே பாய்ந்தான். இரண்டு மணி சுமாருக்கு எல்லாம் முடிந்தது. அதன் பிறகு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஜப்பான் தொகுகவா வீட்டுச் சொத்து.

உச்சியிலிருந்து பார்த்தால் முழுச் சமவெளியும் தாம்பாளத்தில் வைத்ததுபோலத் தெரிகிறது. வயல், ஓட்டு வீடுகள், எதிரே சசாவோ. கிழக்கே நன்கூ மலை. அங்கே மோரி ஹிதெமொதொவின் பெரும்படை நின்றது. முன்னணியில் இருந்த கிக்கவா ஹிரொஇயெ இயெயசுவோடு பேசி முடித்திருந்ததால் வழிவிடவில்லை. ஏன் இன்னும் இறங்கவில்லை என்று பக்கத்துப் படை கேட்டதற்கு, ஹிதெமொதொ சொன்னதாக ஒரு பதில் இன்றும் ஜப்பானியர் வாயில் இருக்கிறது: வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘காலிச் சோற்றுப் பெட்டி’ என்று அதற்குப் பேரே விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அப்பா போன பிறகு வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணனுக்கும் அக்காவுக்கும் தகராறு. பத்து வருஷம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. அவள் அந்த வீட்டிலேயே இருக்க விரும்பினாள். “நீ என்னடா சொல்றே?” என்று இருவருமே கேட்டார்கள். “நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு எதுன்னாலும் சம்மதம்.” எட்டு மாதம் இதையே சொன்னேன். நடுநிலை என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன். அண்ணன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் அவன் பக்கம் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டு, கேஸ் என்று அலைய முடியாது, வேறு வழியில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அக்காவிடமும்.

மலையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்து விரைவுச்சாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. துப்பாக்கிச் சத்தம் இங்கே எட்டியிருக்குமா? எட்டினாலும், பத்தாயிரக்கணக்கான பேர் வெட்டிக்கொண்டு கத்தும்போது இது நமக்கான வேட்டு என்று எப்படித் தெரியும்? அண்மைக்கால வரலாற்றாசிரியர்கள் சிலரும் இதைத்தான் கேட்கிறார்கள். போரை ஒட்டி எழுதப்பட்ட கடிதங்களில் அந்தத் துப்பாக்கிச் சூடே இல்லை. அது பிற்காலத்து நூல்களில் வந்து சேர்ந்தது. ஹிதெஅகி தொடக்கத்திலேயே இயெயசு பக்கம் பாய்ந்துவிட்டான் என்பது அவர்கள் வாதம். யோசித்தால் பொருந்துகிறது. போருக்கு முந்தின நாளே, அங்கே இருந்த மேற்கு அணித் தளபதியை வெளியேற்றிவிட்டுத்தான் அவன் இந்த மலையைப் பிடித்திருக்கிறான். ஒதானியும் அவனை நம்பாமல் மலையைப் பார்த்தே படையை நிறுத்தியிருந்தார் என்கிறார்கள்.

அப்படியானால் அந்தத் தயக்கம், அந்த நகம் கடிக்கும் பையன், யாருக்குத் தேவைப்பட்டான்? கடைசி நேரத்தில் தடுமாறிய சிறுவனை நாம் பாவம் என்று விட்டுவிடுவோம். காலையிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தவனை விடமாட்டோம்.

அப்பாவின் கருமாதி அன்று ராத்திரி, பந்தல் பிரிக்கும் சத்தத்துக்கு நடுவே, வீடு எவ்வளவுக்குப் போகும் என்று அண்ணன் ஒரு தொகை சொன்னான். அதை மூன்றால் வகுத்து என் வீட்டுக் கடனில் கழித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஹிதெஅகிக்குப் பரிசாக ஒகயாமா கிடைத்தது. இரண்டே ஆண்டில், வாரிசில்லாமல் இறந்துபோனான். ஒதானியின் ஆவி பழிவாங்கியதாகவும் கதை கட்டியிருக்கிறார்கள்; அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒதானியின் கல்லறை சமவெளிக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள் இருக்கிறது. அதை எழுப்பியது எதிரணியில் நின்று போரிட்ட தோதோ குடும்பம்.

அங்கேயும் போகலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். இறங்கி வருவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஸ்டேஷனில் உட்கார்ந்து அக்காவின் நம்பரை எடுத்தேன். இந்தியாவில் இப்போது மணி ஒன்றுதான். சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.